இடக்கைக்குத் தைலம்

உத்தர வீதி வேதாந்தத்துக்குப் பக்கவாதம் வந்து இடக்கை விழுந்ததும், மூத்தாள் அரவிந்தவல்லி முந்திக்கொண்டாள். கட்டிலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து தைலம் தேய்க்க ஆரம்பித்தவள், இருபது நாளாக அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. இளையாள் மரகதவல்லிக்கு மிஞ்சியது வலப்பக்கமும் விசிறியும்தான்.

ஆனால் அவருக்குப் பேச்சு, சிரிப்பு எல்லாம் விசிறிக்காரியோடு. மூத்தாள் பக்கம் தலைகூடத் திரும்பவில்லை. போதாக்குறைக்கு இலை வேறு. வலப்பக்கம் இளையாள் அரைத்த துவையல் வழித்துச் சாப்பிட்டாகிவிடும். இடப்பக்கம் மூத்தாள் செய்த கறியமுது வைத்தது வைத்தபடி கிடக்கும். அரவிந்தவல்லிக்கு வயிறு எரிந்தது. பிள்ளை இல்லையென்று தானே அலைந்து பெண் பார்த்து மரகதத்தைக் கட்டிவைத்தவள் அவள். அந்தப் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திருச்சியிலிருந்து டாக்டர் அமிர்தசாமி ஜட்காவில் வந்தபோது வேதாந்தம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் வலப்பாதி சாதம் மட்டும் காலி. ஆசாரம் தெரிந்த டாக்டர் அறை வாசற்படியிலேயே நின்றார்.

"இலையை அப்படியே திருப்பிப் போடுங்கம்மா."

நுனி இலையை வலப்பக்கமாகப் போடுவதா? முணுமுணுத்துக்கொண்டே அரவிந்தவல்லி திருப்பினாள்.

"அட, கறியமுது இருக்கா?" என்று வேதாந்தம் அள்ளிச் சாப்பிட்டார்.

டாக்டர் அவளை வாசலை ஒட்டிய ரேழிக்கு அழைத்துச் சொன்னார்: "மூளையில வலப்பக்கம் அடிம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியல. அங்க யார் உட்கார்ந்தாலும் ஆளே இல்லாத மாதிரிதான்."

அடுக்களையில் இருந்த மரகதத்திடம் அரவிந்தவல்லி மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலை, "எனக்கு இடுப்பு விட்டுப்போச்சுடி. இனிமே தைலம் நீ தேய்" என்றாள். மரகதம் மறுபேச்சில்லாமல் விசிறியைக் கொடுத்துவிட்டு இடப்பக்கம் போய், அவர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வேதாந்தம் வலப்பக்கம் பார்த்தார். "அரவிந்தாவா? வா, வா" என்று சிரித்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. நாலு வீச்சு வீசியிருப்பாள். அவர் கண்கள் கதவைத் தேடின.

"மரகதம் எங்கே? இப்ப இங்கேதானே இருந்தா? எங்கேயாவது அனுப்பிட்டியா?"

"இங்கேதான் இருக்கேன்" என்றாள் மரகதம். அவர் திரும்பவில்லை. "கூப்பிடு அவளை" என்று வலக்கையால் கதவைக் காட்டினார்.

விசிறி நின்றுவிட்டது. இருபது நாளில் ஒரு தரம்கூட, 'அரவிந்தா எங்கே' என்று அவர் யாரையும் கேட்டதில்லை.