சாவுச் சீட்டு

செத்துக் கிடப்பவர்கள் காலை அசைக்கக் கூடாது. எங்கள் குழுவில் இதுதான் முதல் விதி. எறும்பு ஏறினாலும் சரி, வெயிலில் முதுகு வெந்தாலும் சரி, அசையக் கூடாது. குழுவை நடத்துகிற பரத் ஒவ்வொரு ஒத்திகையிலும் இதைச் சொல்லிக் கொடுக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று வருடமாக என் கால் அசையவில்லை, எறும்பு ஏறினாலும் தெரியாது. இந்த வித்தையில் எனக்கு எவரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

நாங்கள் முப்பது பேர். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் தட்டிவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடி தாண்டி ஒரு பள்ளி மைதானத்தில் கூடுவோம். 1791-ல் நடந்த பெங்களூர்க் கோட்டை முற்றுகையை நடித்துக் காட்டுவோம். பாதிப் பேர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்கள், பாதிப் பேர் மைசூர்ப் படை. மரத் துப்பாக்கி, பட்டாசுச் சத்தம், பொம்மனஹள்ளித் தையல்காரர் தைத்த சிவப்புக் கோட்டு. என் தோழி தர்ஷினி மீசை ஒட்டிக்கொண்டு சிப்பாயாக நிற்பாள். நான் அவளுக்குப் பக்கத்தில் வெடிமருந்து வண்டி. நாற்காலியின் சக்கரங்களைச் சுற்றிக் கோணிச் சாக்கு, மடியில் ஒரு சின்னப் பீப்பாய். அந்தக் காலத்தில் ஏதுங்க சக்கர நாற்காலி என்று முதலில் பரத் இழுத்தார். அந்தக் காலத்தில் ஏதுங்க பாலியஸ்டர் என்று அவர் கோட்டு நுனியைப் பிடித்துக் காட்டினேன். அதோடு சரி.

என் தம்பி பீட்டர் மைசூர்ப் படை. ஆட்டோவில் என்னைக் கொண்டுவந்து விட வந்தவன் கையில் ஒரு வாளைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் முறை துப்பாக்கி வெடித்ததும் மைசூர்ப் படை கோட்டைக்குள்ளிருந்து பாய்ந்து வரும். எங்கள் பக்கத்துப் பிணங்களைத் தாண்டிக்கொண்டு பீரங்கிவரை ஓடும். பிணத்தைப் பார்க்காதீர்கள், தாண்டிப் போங்கள் என்று பரத் கத்துவார். பீட்டருக்கு மட்டும் அது வரவே வராது, சுற்றிக்கொண்டு ஓடுவான். கே.ஜி.எஃப் தங்கவயலில் சுரங்கக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருப்போம். யாரையாவது தாண்டினால் அவர்கள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவிடம் அடி விழும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போன வீடுதான், ஆனாலும் இந்தப் பழக்கம் விடவில்லை.

யார் சாவது என்பதற்குச் சீட்டு. ஆட்டத்துக்கு முன்னால் ஒரு ரஸ்க் டப்பா சுற்றி வரும். சீட்டில் ஒன்று என்றிருந்தால் முதல் வெடிக்குச் சாவு. இரண்டு என்றிருந்தால் இரண்டாம் வெடிக்கு. வெற்றுச் சீட்டு வந்தவர்கள் கடைசிவரை வெயிலில் ஓட வேண்டும். அதனால் எல்லாருக்கும் சாவின் மேல்தான் கண்.

எனக்கும்தான். ஆனால் ஓட்டத்துக்குப் பயந்து இல்லை. மைதானத்தில் செத்துக் கிடக்கிற பன்னிரண்டு பேரில் யாரும் எழுந்திருக்க முடியாது. யாரும் நடக்க முடியாது. யாரும் என்மேல் குனிந்து, கர்த்தர் உன்னைப் பிழைக்க வைத்தாரே கிரேஸ் என்று கையைப் பிடிக்க மாட்டார்கள். பத்து நிமிடம் எல்லாரும் ஒன்று. அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று தர்ஷினியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். பீட்டர் ஷிஃப்டுக்குப் போன நேரங்களில் அவள் வீட்டுக்கு வருவாள். மெத்தையைத் தரையில் போட்டு விழப் பழகினேன். பிரேக், இடுப்புப் பட்டை, இடது கை, தோள். எலும்பு பத்திரம் என்று டாக்டர் சொன்னதை மறந்துவிடவில்லை, அதனால்தான் இருபது தடவை பழகினேன்.

ஆனால் ஐந்து ஆட்டமாக எனக்கு வெற்றுச் சீட்டுதான். டப்பாவைப் பிடிப்பது பீட்டர். எட்டி எடுக்கச் சிரமப்படாதே என்று எனக்குரியதை அவனே எடுத்துக் கொடுப்பான். அவனுக்கோ அடிக்கடி சாவு வரும். பீட்டருக்குச் சாவு ராசி என்று குழுவே கிண்டல் செய்யும், நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆறாவது ஆட்டத்தன்று பரத் வெள்ளைத் தாள் கிடைக்காமல் மஞ்சள் தாளில் சீட்டு வெட்டியிருந்தார். தர்ஷினியின் கையில் மஞ்சள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் கையில் மஞ்சள். என் உள்ளங்கையில் பீட்டர் வைத்தது வெள்ளை. மடிப்பில் அழுக்கேறிய பழைய வெள்ளை.

டப்பாவை மூடப் போனவனின் மணிக்கட்டைப் பிடித்தேன். கூடாரத்துக்குப் பின்னால் வரச் சொன்னேன். வந்தான். விரலைப் பிரி என்றேன். பிரிக்கவில்லை. நானே ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் சீட்டு, இரண்டு என்று எழுதியிருந்தது.

"இன்னாடா இது?"

மெல்ல மெல்லத்தான் வாயைத் திறந்தான். எனக்கென்று எடுக்கிற சீட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பழைய வெற்றுச் சீட்டைக் கொடுத்துவந்திருக்கிறான். என் சீட்டில் எண் இருந்தால் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, தன் சீட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவான்.

"அஞ்சுல மூணு தடவ உனக்கு சாவு வந்துச்சுக்கா. மூணையும் நான் எடுத்துக்கினேன்."

எனக்கு வந்ததை எடுத்துக்கொள்ள நீ யார் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, நான் விழுவதை இன்னொரு தடவை தன்னால் பார்க்க முடியாது என்றான்.

"அன்னிக்கு மட்டும் பாத்தியா? நீ எங்கடா பாத்தே? ரோட்டப் பாத்து வண்டி ஓட்டிக்கினு இருந்தே."

சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு மாலை, ஓசூர் ரோட்டில் தண்ணீர் மூடிய பள்ளம். பைக் ஓட்டியது அவன், பின்னால் நான். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் சாலையில் கிடந்தேன். அதன் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஒருநாளும் குறை சொல்லாததில் எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமை அன்றைக்கு ஒரே நிமிடத்தில் போய்விட்டது.

அவன் டப்பாவில் மீதி இருந்த ஒரே சீட்டை எடுத்துப் பிரித்தான். வெற்றுச் சீட்டு. அன்றைக்கு அவன் உயிரோடு இருந்தாக வேண்டும்.

பரத்திடம் போய், இரண்டாம் வெடிக்கு நான் சாகிறேன், யாரும் ஓடி வரக் கூடாது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். சரிங்க கிரேஸ் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் வெடி கேட்டது. பிரேக் போட்டிருந்தேன். பட்டையைக் கழற்றினேன். இடது கை, தோள், பிறகு மண். பீப்பாய் உருண்டு போனது, ஒரு கால் செருப்பும் எங்கேயோ போய்விட்டது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கன்னடத்தில் பதறிக் கூச்சலிட்டாள். நாற்காலிகள் நகரும் சத்தம். உடனே பரத் மைக்கில் சொன்னார், உட்காருங்கள், அங்கே விழுந்தது ஒரு சிப்பாய் என்று. அந்த ஆளை அதுவரை நான் திட்டிய திட்டெல்லாம் வாபஸ்.

கன்னத்தில் சூடான மண், மூக்கில் பட்டாசு நெடி. என்னை யாரும் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, சொல்வதற்கு வெட்கமில்லை.

மைசூர்ப் படை கூச்சலோடு ஓடி வந்தது. என்னைத் தாண்டிக் கால்கள் போயின. ஒரு ஜோடிக் கால் மட்டும் தலைமாட்டில் நின்றது. மூச்சை வைத்தே தெரிந்துகொண்டேன்.

"அக்கா."

கண்ணைத் திறக்கவில்லை. உதட்டை அசைக்காமல் பல்லுக்குள்ளேயே சொன்னேன்.

"நான் செத்துட்டேன்டா. தாண்டிப் போ."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு மிச்ச நேரமும் நிம்மதியாகச் செத்துக் கிடந்தேன்.

மறுநாள் பீட்டர் தன் மைசூர் உடுப்பையும் வாளையும் பரத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் போட்டுவிட்டார்களாம். பொய் என்று எனக்குத் தெரியும். காலையில் டீ போட்டு என் மேசையில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்குச் சொன்னதை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை குழுவின் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. எதிரி காலில் விழுந்த மைசூர் வீரன் என்று யாரோ எழுதியிருந்தார்கள், கீழே முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். சண்டை நடுவே யாராவது இப்படிச் செய்வார்களா, அந்த இடத்தை வெட்டிவிடுகிறேன் என்று பரத் போட்டிருந்தார்.

திறந்து பார்த்தேன். பீட்டர் என் தலைமாட்டில் நிற்கிறான். அவன் வாய் அசைகிறது. பிறகு காலைத் தூக்கி, என் முழங்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறான். இரண்டு அடி ஓடுகிறான். நிற்கிறான். திரும்பி வந்து மண்டியிட்டு, செருப்பில்லாத என் காலைக் கையால் மூடிப் பிடித்துக்கொள்கிறான். அப்புறம் அந்தக் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு ஓடுகிறான். சுற்றிலும் சண்டை நடக்கிறது.

எத்தனை நேரம் பிடித்திருந்தான் என்று திரும்பத் திரும்பப் போட்டு எண்ணினேன். ஏழு விநாடி. அந்த ஏழு விநாடியும் நான் கண்ணை மூடிக்கொண்டு, என்னை யாரும் பார்க்கவில்லை என்று சந்தோஷப்பட்டுக் கிடந்திருக்கிறேன். அவன் கை பட்டது எனக்குத் தெரியவே இல்லை.