இரட்டை வேகத்தில் நுண்கணிதம்

பஸ் ஓட்டுநருக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இயற்பியல் பட்டம் படிக்கும் ஆசை வந்தது. ஆசை என்ன, வயதைக் கேட்டுக்கொண்டா வரும்? மாலைக் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்கு இரண்டே மாதம் இருந்தது. அந்த ஆண்டை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் மனிதர் கணக்கு வீடியோக்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்ததும் சோபாவில் சாய்ந்து, தலையை ஆட்டிக்கொண்டே பார்ப்பார். வகையிடல் போனது, தொகையிடல் போனது, ஒரே மாதத்தில் மின்காந்த அலை வரை வந்துவிட்டார். எல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று மனைவியிடம் அளந்தார்.

மனைவி தையல்காரி. மெஷினை நிறுத்திவிட்டு, ஒரு சட்டையையும் ஊசியையும் அவர் மடியில் போட்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் தைக்கிறத பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க. இந்தக் காலரத் தைச்சுக் குடுங்க."

அவர் அசடு வழிந்தார். அந்த அம்மாள் விடுவாரா? பாடப்புத்தகத்தைத் திறந்து முதல் கணக்கைப் போடச் சொன்னார். பேனாவைப் பிடித்தவருக்குக் கை ஓடவில்லை. ஒரு மாதமும் வீண் என்று தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது.

அன்று முதல் வீட்டில் புது ஏற்பாடு. வீடியோவில் ஆசிரியர் கணக்கை எழுதியதும் மனைவி போனைப் பிடுங்கிக்கொள்வார். இவர் தானாகப் போட்டு முடித்த பிறகுதான் விடை. மனைவிக்குக் கணக்கு சுத்தமாகத் தெரியாது. பிடுங்கத் தெரியும், அது போதுமாக இருந்தது. மின்காந்த அலையை மூட்டை கட்டி வைத்தாயிற்று. பாதிப் பாடம்கூட முடியவில்லை.

நேர்முகத் தேர்வில் பேராசிரியை, அடியில் ஓட்டை விழுந்த தொட்டி காலியாக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். ஓட்டுநர் தொடாத பாடம்.

"தெரியாது மேடம். ஒரு தாள் குடுங்க, போட்டுப் பாக்குறேன்."

எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். பொறுமை இழந்த பேராசிரியை குனிந்து, தப்பு எங்கே என்று சொல்ல வாயெடுத்தார். ஓட்டுநர் இரண்டு கைகளாலும் தாளை மூடிக்கொண்டார்.

"சொல்லிடாதீங்க மேடம். கிட்ட வந்துட்டேன்."

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடை வரும்வரை காத்திராமல், அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குனிந்த தலை நிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அதைக் கவனிக்கவே இல்லை.