ஃபெலிசாவிடம் சொல்லாதது

முப்பத்தாறில், ஸ்பெயினில் உள்நாட்டுச் சண்டை மூண்ட அந்த ஜூலையில் எங்கள் விடுதியின் பன்னிரண்டு அறைகளில் ஒன்பதில் ஸ்பானியர்கள் தங்கியிருந்தார்கள். சலமங்கா பக்கத்து ஜனங்களுக்குக் கடல் என்றால் போர்ச்சுகல் கரையில் இருக்கும் எங்கள் ஃபிகெய்ராதான். கோடை முழுக்க எங்கள் மணலில் போர்த்துகீசியத்தைவிட அவர்கள் பேச்சுதான் அதிகம் காதில் விழும். அம்மா விடுதியைப் பார்த்துக்கொண்டாள். அப்பா கடற்கரையில் கோடு போட்ட துணிக் கூடாரங்களை வரிசையாக அடித்து வாடகைக்கு விட்டார். எனக்குப் பத்தொன்பது வயது. சாப்பாட்டு மேசைகள் என் பொறுப்பு.

எலாடியோ என்ற பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவி ஃபெலிசாவும் ஆறு வருடமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து, அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த லியான்சியோவும் மனைவி ப்ரிமிதிவாவும் வரத் தொடங்கினார்கள். நான்கு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், மாலையில் சீட்டாடுவார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் உரசல். வாத்தியார் முன்னால் வந்தவர் என்பதால் அவருக்கு அலைக்கு நேரெதிரே முதல் வரிசைக் கூடாரம். மருந்துக்கடைக்காரருக்கு அதற்குப் பின்னால்.

"பசங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கிறவருக்குக் கடலு, எங்களுக்கு அவரு முதுகு" என்பாள் ப்ரிமிதிவா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

சண்டை தொடங்கிய சில நாட்களிலேயே அவர்கள் ஊர் கலகக்காரப் படை வசம் போய்விட்டது. லியான்சியோவுக்குத் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. குடியரசு ஆட்சியின் உத்தரவுப்படி வகுப்பறைச் சுவரிலிருந்து சிலுவையைக் கழற்றினாரே, அதற்காக வாத்தியாரைத் தேடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையிலேயே வாசித்துக் காட்டிய லியான்சியோ, தன்னோடு காரில் ஊருக்கு வந்துவிடும்படியும், தான் பொறுப்பேற்றுப் பேசுவதாகவும் சொன்னார். வாத்தியார் மறுத்துவிட்டார். லிஸ்பனுக்குப் போய், அங்கிருந்து ஃபெலிசாவின் சித்தப்பா மகன் இருக்கும் புவனோஸ் ஐரிஸுக்குக் கப்பலேறிவிடலாம் என்பது அவர் கணக்கு.

எங்கள் அரசும் கலகக்காரர் பக்கம் என்பதால், காகிதங்கள் தயாராகும்வரை எங்கள் ஊர்க்கோடியில் ஒரு மீனவர் வீட்டில் அவரைத் தங்க வைத்தோம். இடம் தெரிந்தவர்கள் ஃபெலிசா, அம்மா, நான். நான்காவது ஆள் லியான்சியோ. வாத்தியாரே அவரைக் கட்டிப்பிடித்து விடைபெறும்போது சொல்லிவிட்டார். ஒரே மேசையில் சீட்டாடிய சிநேகிதர்.

நான்காம் நாள் காலையில் காவலர்களின் கார் நேராக அந்த மீனவர் வீட்டு வாசலில் போய் நின்றது. வழியில் யாரிடமும் வழி கேட்கவில்லை.

செய்தி கேட்டு ஃபெலிசா சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தபோது, லியான்சியோ காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் விழுந்து, எல்லைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சினாள்.

"நான் என்னம்மா செய்யறது?" என்றார். "கூட வாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். கேட்டாரா?"

மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள், எழுந்திரு என்று அம்மா அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள். என் அம்மாதான் சொன்னாள்.

அன்று மதியமே வாத்தியாரை எல்லையில் அந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதே மதியம் ப்ரிமிதிவா கடற்கரையில் அப்பாவிடம் போய், முன் வரிசை சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அப்பா மாற்றிக் கொடுத்துவிட்டார். உள்ளே கிடந்த துண்டுகளையும் வாத்தியாரின் வைக்கோல் தொப்பியையும் எடுத்து வர என்னை அனுப்பினார்கள். நான் மடித்துக்கொண்டிருக்கும்போதே ப்ரிமிதிவா தன் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

செப்டம்பரில் அவரைச் சுட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. எங்கே புதைத்தார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் வீட்டைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். ஃபெலிசாவுக்குத் திரும்பிப் போக வழியில்லை. அம்மா அவளைச் சமையலறையில் சேர்த்துக்கொண்டாள். இரக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் சமையல்காரி வேலையை விட்டுப் போயிருந்தாள் என்பதும் இருந்தது. கொண்டைக்கடலையும் இறைச்சியும் போட்டு ஃபெலிசா வைக்கும் குழம்புக்காகவே பிற்பாடு ஆட்கள் எங்கள் விடுதியைத் தேடி வந்தார்கள்.

அங்கே சண்டை ஓய்ந்த மறு வருடம் மருந்துக்கடைக்காரத் தம்பதி மறுபடி வந்தார்கள். ஃபெலிசா அவர்கள் கண்ணில் படாமல் பின்கட்டில் இருக்கட்டும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ப்ரிமிதிவா விடவில்லை. அவள் கையால்தான் பரிமாற வேண்டும் என்றாள். தெரிந்தவளை நாமே ஒதுக்கினால் பாவமில்லையா என்றும் கேட்டாள். முதல் கோடையில் 'ஃபெலிசா' என்று கூப்பிட்டாள். அடுத்த கோடையில் 'ஏம்மா'. அதற்குப் பிறகு கண்ணாடிக் குவளையில் கரண்டியால் தட்டுவதோடு சரி.

ஃபெலிசா பரிமாறினாள். குழம்பு ஆறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் சுட வைத்துக் கொண்டுவந்தாள். எப்படி அக்கா முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"அவர் எங்க கிடக்கார்னு அந்த ஆளுக்குத் தெரியும், ஒடீலியா" என்றாள். "கோவிச்சுக்கிட்டு அவங்க வராம போயிட்டா, நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

ஒவ்வொரு வருடமும் அவர்கள் கிளம்பும் நாளில் லியான்சியோவிடம் ஒரே ஒருமுறை கேட்பாள். எனக்கென்ன தெரியும் என்று வாயைத் துடைத்துக்கொண்டே சொல்லுவார். ஃபெலிசா தலையாட்டிவிட்டு அவர்கள் பெட்டியை வாசல்வரை தூக்கி வருவாள்.

ஐம்பத்திரண்டில் லியான்சியோ நோயாளியாக வந்தார். அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், விடுதி என் பெயரில். ஒரு மதியம் அவர் அறைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். உட்காரச் சொன்னார். தங்கள் ஊருக்கு வெளியே, பழைய சாலையில், இடிந்த சிற்றாலயத்துக்குப் பின்னால், பெரிய ஓக் மரத்தடியில் நான்கு பேர் கிடக்கிறார்கள் என்றும், சுவர்ப் பக்கமாகக் கிடப்பவர் வாத்தியார் என்றும் சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"அவகிட்ட சொல்றது உன் இஷ்டம்" என்றார். "ஆனா சொன்னா அன்னிக்கே போயிடுவா. இந்த மாதிரி குழம்பு வைக்க உனக்கு வேற ஆள் கிடைக்காது." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்.

அவர் என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் ஏதாவது சொன்னாரா என்று ஃபெலிசா கேட்டாள். இல்லை என்றேன். ஆகஸ்டு மாதம், அறை அத்தனையும் நிறைந்திருக்கிறது, கூட்டம் குறையட்டும், செப்டம்பரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செப்டம்பரில் அடுத்த கோடைக்கு அறை கேட்டுக் கடிதங்கள் வந்தன. பாதிக் கடிதங்களில் அந்தச் சமையல்காரி இருக்கிறாளா என்று கேட்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் லியான்சியோ செத்துப்போனார். ஃபெலிசா செய்தியைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கொல்லையில் நின்றாள். இனிக் கேட்க ஆளில்லை என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஒன்பது வருடம் கழித்து, கடற்கரையோரம் பெரிய ஓட்டல்கள் எழும்பி எங்கள் பிழைப்பு படுத்தபோது, விடுதியை விற்றேன். இனி எனக்குச் சமையல்காரி தேவையில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். ஃபெலிசாவுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். சாலை, ஆலயம், மரம், சுவர்ப் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.

"எப்ப சொன்னாரு?"

"அம்பத்திரண்டுல."

"அம்பத்திரண்டுல நான் தினமும் சந்தைக்கு நடந்து போய்க் கூடையைத் தலையில வச்சிக்கிட்டு வந்தேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அங்க நடந்தே போயிருப்பேன்."

கார் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"உன்கூட வேண்டாம்."

அந்த வாரமே எங்கள் ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மூன்று முறையும் தூங்குகிறாள் என்று வாசலில் சொன்னார்கள். மாடி ஜன்னலில் அவள் உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான்காவது ஞாயிறு நான் போகவில்லை. அடுத்த வசந்தத்தில் அவளை இந்த ஊர் இடுகாட்டிலேயே புதைத்தார்கள். மரத்தடிக்கு அவள் போகவே இல்லை.