கோட்டைச் சுவரில் வினோஜா

கிருபானந்தனுக்குக் கல்லைக் கண்டால் கை சும்மா இராது. மூன்று வருடத்துக்கு முன், மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிரான்ஸ் போனவரை ஒரு கோட்டையின் காவற்கோபுரம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எண்ணூறு வருடத்துக் கோபுரம். கீழே பள்ளத்தாக்கு நிறையத் திராட்சைத் தோட்டமும் மேய்கிற மாடுகளும். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, இந்த மனுசன் மேல்தட்டில் ஒரு மூலைக்குப் போய், மச்சானின் கார்த் திறப்பால் சுவரைச் சுரண்டினார். 'வினோஜாவின் அப்பா கிருபா, மொன்றியல்.' மகளில் உள்ள பாசமாம். அதைக் காட்ட அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

அந்த வினோஜா இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்புப் படிக்கிறாள். நேற்றுப் பின்னேரம் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கிக் களைத்து வந்தவர் சப்பாத்தைக் கழற்ற முதலே, மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"அப்பா, இது நீங்கள்தானே?"

திரையில் அந்தச் சுவர். அதில் அவருடைய கையெழுத்து, கோணல்மாணலாக. கிருபானந்தன் சப்பாத்தோடேயே கிட்டப் போய்ப் பார்த்தார்.

"உது ஆர் தந்தது?"

"எங்கட புரொபசர் வகுப்பில போட்டவர். அந்தக் கோபுரத்தைத் திருத்திறதே அவர்தான். மென்மையான கல்லாம், தேய்ச்சு எடுக்க ஏலாதாம். போன் கமராவால வாசிக்கப் பாத்தும் சரிவரேல்லையாம். என்ன எழுதியிருக்கு எண்டு என்னட்டைக் கேட்டவர். வகுப்பில நான் ஒருத்திதானே தமிழ்."

"நீ என்ன சொன்னனீ?"

வினோஜா திரையை மூடினாள்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது எண்டு சொன்னன்."

பனி கொட்டும் சனிக்கிழமைகளிலும் விடாமல், பத்து வருடம் அவளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்கியவர் கிருபானந்தன். எழுத்துப் போட்டியில் அவள் முதல் பரிசு வாங்கியதைப் அவர்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் சொல்லாத கடை இல்லை. இப்போது அவருக்கு எங்கேயாவது போய் ஒளித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாசிக்கத் தெரிந்த பிள்ளையைத் தெரியாது என்று சொல்ல வைத்தது வேறு யாருமில்லை, அவர்தான்.

"நான் வந்து கதைக்கிறன், பிள்ளை. செய்தது நான். மன்னிப்புக் கேட்டால் முடிஞ்சுது. உன்னில என்ன பிழை?"

"வராதேங்கோ அப்பா. வந்தால் நான் பொய் சொன்னது தெரிஞ்சுபோம். கோடைக்கு அங்க வேலை பழக என்னைத்தான் கூட்டிக்கொண்டு போறார்."

"அந்தக் கோபுரத்துக்கோ?"

"ஓம். சுண்ணாம்புச் சாந்து வச்சு அந்தக் கீறல் எல்லாத்தையும் நிரப்போணும்."

கிருபானந்தன் நிமிர்ந்து மகளைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. மன்னிப்புக் கேட்கிற வழிகூட அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

"நீங்கள் ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதேங்கோ, அது காணும்," என்றாள் வினோஜா. "உங்கட பேரையும் என்ர பேரையும் நானே மூடிப்போட்டு வாறன்."

"சரி பிள்ளை," என்றார் அவர்.