வெள்ளத்தின் அளவு

இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் நாற்பது குடிசை, நடுவில் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடை. அதைக் கடக்க ஒரு மிதவை இருந்தது. தார் பீப்பாய்களைக் கயிற்றால் பிணைத்து, மேலே பலகை போட்டு, குடிசைக்காரர்களே செய்துகொண்டது. காலை வைத்தால் குடிகாரனைப் போல ஆடும். அதன் மேல்தான் செண்பகவல்லி தன் புருஷன் பிச்சையாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தர்மாஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

பிச்சையா தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி வேலை செய்தவன். சுண்ணாம்பு அவனுடைய வலது காலைத் தின்றுவிட்டது. கட்டு மாற்றுவது தவறினால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் இந்தியில் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதத்தில், மாதுங்காவிலிருந்து சங்கரன் வந்தார். ரயில்வே இஞ்சினீயர், பாலக்காட்டு ஐயர். தன்னைப் போல நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாக ஒரு நடைபாலம் கட்டித் தருவதாகச் சொன்னார். வீட்டில் காலை நீட்டிப் படுக்க வேண்டிய நாளில் பிறத்தியாருக்காகச் சேற்றில் இறங்குகிறவரை என்ன குறை சொல்வது? மனுஷர் நல்லவர். அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் நாள் அவர் டேப்பும் கையுமாக நின்றபோது, கரையில் இருந்தவள் செண்பகவல்லி மட்டும்தான்.

"ஏம்மா, இங்கே வெள்ளம் ஏறினா எதுவரைக்கும் ஏறும்?"

ஒரு இஞ்சினீயர் தன்னிடம் யோசனை கேட்கிறாரே என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கரையோரப் பாறையைத் தொட்டே காட்டினாள்.

"போன வருச மழைக்கு வெள்ளம் இந்தா, இந்த மட்டுக்கும் வந்துச்சு சாமி. அதுக்கு மேல வந்ததில்ல."

அவர் அங்கே கோடு போட்டு, இரண்டடி கூட்டிப் பாலத்தின் உயரத்தை முடிவு செய்தார். வைகாசி வரை அவர் கண்ணால் பார்த்த தண்ணீரெல்லாம் அந்தக் கோட்டுக்கு வெகு கீழேதான் நின்றது.

மரத்துக்கும் இரும்புக்கும் பஞ்சமான காலம். மிதவையைப் பிரித்துப் பலகைகளை எடுத்துக்கொண்டார்கள். பீப்பாய்களை வெட்டித் தகடாக்கித் தூண்களின் அடியில் சுற்றினார்கள். யாரும் மறுக்கவில்லை. புதுச் செருப்பு வந்த பிறகு பழசைக் கட்டிக்கொண்டு யார் அழுவார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரன் சேற்றுக் கையோடு வந்து, "கை அலம்பக் கொஞ்சம் வெள்ளம் தருவேளா?" என்று கேட்டார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏளா, ஐயருக்குக் கை கழுவ வெள்ளமே வேணுமாம்!"

எங்கள் பக்கத்தில் தண்ணீரையே அப்படித்தான் சொல்வோம் என்று அவரும் சிரித்தார். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் செண்பகவல்லி. சிரித்தாளே தவிர, அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.

ஆனி மாதம் பாலம் முடிந்தது. பிச்சையா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தானாகவே நடந்தான். பாதிப் பாலத்தில் திரும்பி, "நீ என்னத்துக்குளா பின்னாலயே வார?" என்று அதட்டினான். அவன் அதட்டிக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புண் காய்கிறது, இப்படியே போனால் கால் தப்பிவிடும் என்று டாக்டரும் சொன்னார்.

ஆவணி அமாவாசைக்கு மூன்று நாள் விடாமல் மழை. அதோடு பர்தியும் சேர்ந்தது. கடல் ஏறி வருவதை மராட்டிக்காரர்கள் சொல்கிறபடி பர்தி என்றுதான் குடிசைகளிலும் சொல்வார்கள். அது எவ்வளவு உயரம் ஏறும் என்று ஒருவரும் பார்த்து வைத்ததில்லை. தண்ணீர் ஏறினால் மிதவையும் கூட ஏறும், இறங்கினால் இறங்கும். பிறகு அளவு எதற்கு? அன்றைக்கு ஏறிய தண்ணீர் பாலத்தின் பலகைகளைத் தூணிலிருந்து அப்படியே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனது.

மறுநாள் எதிர்க்கரையில் சங்கரன் குடையோடு வந்து நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

"கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டோம்!" என்று கத்தினார். "இந்த வெள்ளம் வடியட்டும், மறுபடி கட்டறோம்!"

ஓடையில் நின்றது கடல் தண்ணீர். அதைப் போய் அவர் வெள்ளம் என்கிறார். செண்பகவல்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவர் கேட்டது தண்ணீரை. அவள் சொன்னது மழை வெள்ளத்தை. பர்தியை அவரும் தனியாகக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பாலமும் இல்லை, மிதவையும் இல்லை. ஒரு பீப்பாய்க்கு அலைந்தும் கிடைக்கவில்லை. மாகிம் வழியாகச் சுற்றினால் மூன்று மைல், இடுப்பளவு சேறு. பத்து நாள் அவள் வேப்பிலைத் தண்ணீரால் புண்ணைக் கழுவிக்கொண்டு கிடந்தாள். பதினோராம் நாள் நாலு பேர் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சேற்றைச் சுற்றிப் போனார்கள். கட்டைப் பிரித்த டாக்டர் திட்டக்கூட இல்லை. முழங்காலுக்கு மேலே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டு வெளியே போனார்.

பிச்சையா அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயர்மாரச் சொல்லிக் குத்தமில்ல. கேட்டுத்தான கட்டுனாவ. எந்த மூதேவி அவியளுக்குத் தப்பா அளவு சொல்லிச்சோ, அதுக்கும் இப்படித்தான் கால் அழுகும், பாத்துக்கோ."

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதளா," என்றான் அவன். "நீ என்ன செய்வ, பாவம்."

தள்ளுவண்டி வந்தது. ஆட்கள் அவனைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். அவன் பிடித்திருந்த கையை அவளாக விடவில்லை. அவர்கள்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.