சொர்ணாற்றின் வயது

வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஆய்வேட்டை விளக்கும்போது காட்ட ஒரு படம் குறைந்ததால் தஸ்லீமா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சொர்ணாற்றுப் பாலத்துக்குப் போனாள்.

ஆறு வருட உழைப்பு. ரோமானியரோடு வணிகம் நடந்த காலத்துக் கிரேக்கப் பட்டியல் ஒன்றில் ‘சோர்னா’ என்றொரு ஆறு வருகிறது. அது எங்கே ஓடியது என்று எவருக்கும் தெரியவில்லை. அறந்தாங்கிக்குத் தெற்கே கடலில் கலக்கும் இந்தச் சிற்றாறுதான் அது என்று அவள் முடிவு செய்திருந்தாள். இரண்டாயிரம் ஆண்டுகள் மாறாத பெயர் என்று நான்காம் இயலில் எழுதியிருந்தாள். மாநாட்டில் கைதட்டினார்கள். வெள்ளைக்காரர் கால வரைபடத்தில் மட்டும் ஆற்றுக்குப் பெயர் இல்லை. சின்ன ஆறு, விட்டிருப்பார்கள் என்று அடிக்குறிப்பில் கடந்துவிட்டாள். முகத்துவாரத்தில் பானை ஓடு தேட இரண்டு முறை வந்திருக்கிறாள். ஊருக்குள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

பாலத்தின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் சேவுகனுக்கு அறுபது வயதிருக்கும்.

“எதுக்கும்மா அந்தப் போர்டைப் படம் புடிக்கிறீங்க?”

“ஆத்தோட பேரைப் பத்தி ஆராய்ச்சி பண்றேங்க. ரொம்பப் பழைய பேரு.”

“பழசா?” அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். “எழுபத்தேழு புயலுக்குப் பெறகு வச்சதும்மா. சொர்ணம் எந் தங்கச்சி.”

தஸ்லீமாவுக்குப் புரியவில்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தாள்.

“அப்பப் பாலம் கெடையாது. பள்ளிக்கூடம் விட்டு ரெண்டு பேரும் வாரோம். எனக்குப் பன்னண்டு, அவளுக்கு ஏழு. இடுப்பளவு தண்ணிதான். நடு ஆத்துல கை நழுவிப்போச்சு. மூணாம் நாளு அங்கிட்டு, கடலோரத்துல கெடச்சா. அதுக்கப்புறந்தான் பாலம் கட்ட வந்தாங்க. எஞ்சினியரு, இந்த ஆத்துக்கு என்ன பேருன்னு கேட்டாரு. நாங்க வெறும் காட்டாறுன்னுதான் சொல்லுவோம். எங்க ஆத்தா, ‘இது எஞ் சொர்ணத்தக் கொண்டுபோன ஆறுய்யா’ன்னு அழுதுச்சு. அவரு சொர்ணாறுன்னு எழுதிக்கிட்டாரு. பெறகு மேப்புலயும் அதே வந்துருச்சு.”

அவர் நீட்டிய டீ கிளாஸ் அவள் கைதவறி விழுந்தது. சூடான டீ காலில் பட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. எத்தனையோ முறை அந்தப் பெயரை எழுதியிருக்கிறாள், பிரித்திருக்கிறாள், பொன் என்று பொருள் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட அதற்குள் ஒரு குழந்தை இருக்கும் என்று தோன்றியதில்லை.

“என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?”

“மன்னிச்சிருங்கய்யா,” என்றாள். கிளாஸ் விழுந்ததற்கு என்றே அவர் நினைத்தார். துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தார்.

திரும்பும் வழியிலேயே வண்டியை நிறுத்தி, நெறியாளர் சிவபிரகாஷுக்கு போன் செய்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

“இதை வேற யாருக்காவது சொன்னியா?”

“இல்லை சார்.”

“சொல்லாத. ஒரு டீக்கடைக்காரர் பேச்சு எப்படி ஆதாரமாகும்?”

மறுநாள் அவள் தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். பழைய நிலப் பதிவேடுகள் எல்லாவற்றிலும் ‘காட்டாறு’ என்றுதான் இருந்தது. எழுபத்தொன்பதுக்குப் பிறகுதான் சொர்ணாறு. அந்தப் பக்கங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டாள்.

தேர்வன்று வெளித்தேர்வாளர் முதல் கேள்வி கேட்பதற்குள் அவளே எழுந்து நான்காம் இயல் தவறு என்றாள். சேவுகன் சொன்னதையும் பதிவேட்டு நகலையும் முன்வைத்தாள். சிவபிரகாஷ் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இதை மறைச்சிருந்தா இன்னைக்கே பட்டம் வாங்கியிருக்கலாமேம்மா,” என்றார் வெளித்தேர்வாளர்.

“அந்தப் பேருக்கு உரிய பிள்ளையோட அண்ணன் இன்னும் அந்த ஆத்தங்கரையில டீ ஆத்திக்கிட்டு இருக்காரு சார். அதை ரெண்டாயிரம் வருசத்துப் பேருன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.”

ஏட்டைத் திருத்தி மறுபடி தர ஓராண்டு கொடுத்தார்கள். பத்தாம் மாதம் அவள் கொடுத்த ஏட்டில் சோர்னாவுக்கு நேரே ‘இடம் தெரியவில்லை’ என்று இருந்தது.