மூடிய அண்டா

கைகழுவாதவர் தட்டை நீட்டினால், தட்டோடு சேர்த்து ஆளையும் திருப்பி அனுப்பிவிடுவார் தொழிற்சாலை உணவகத்தின் தலைமைச் சமையற்காரர். 'சோப்பு அண்ணன்' என்று பட்டம் சூட்டிச் சிரித்தார்கள் தொழிலாளர்கள், சிரித்துக்கொண்டே கைகழுவினார்கள். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் சமையலால் ஒரு வயிறும் கெட்டதில்லை.

அந்தப் பெயருக்குத்தான் வந்தது சோதனை. ஒரே நாளில் அறுபத்திரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். பாதி எந்திரங்கள் ஊமையாய் நின்றன. வாயிலருகே தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்கும் அம்மாளின் தலையில் விழுந்தது பழி. எளியவர் தலையென்றால் பழிக்குத்தான் எத்தனை விரைவு! வண்டியை அகற்றும் உத்தரவும் தயாராயிற்று.

ஒவ்வொரு வேளை உணவிலும் ஒரு கிண்ணம் எடுத்து, தேதி எழுதி, மூன்று நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்பது சமையற்காரர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டளை. பெண் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்திறங்கியதும் மேலாளருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

"அந்தக் கிண்ணத்தைக் கழுவி வச்சிடுங்க. உங்க வேலைக்கும் நல்லது."

சமையற்காரரோ கிண்ணத்தைக் கொண்டுபோய் ஆய்வாளரின் கையில் கொடுத்தார்.

"பழத்தை மட்டும் சோதிச்சா நியாயமில்லம்மா. இதையும் பாருங்க."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. பழம் குற்றமற்றது, கிருமி இருந்தது இறைச்சிக் குழம்பில். சமையற்காரருக்குக் காலடித் தரை நழுவியது. எங்கே பிசகினோம்? ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார். முந்தின மாலையே காய்ச்சி இறக்கியதையும், ஈ எறும்பு நெருங்காதபடி பெரிய அண்டாவை இறுக மூடிக் கனத்த துணி சுற்றியதையும், மறுநாள் இலேசாகச் சூடுகாட்டியதையும் மறைக்காமல் சொன்னார்.

"அந்தத் துணிதாண்ணே. வெளியில இருக்கிறதைத் தடுத்தீங்க. கொதியிலயும் சாகாத கிருமி வித்து உள்ள கிடந்து, அந்த இதமான சூட்டுலயே பெருகிடுச்சு."

தூய்மை மீது கொண்ட காதலே துரோகம் செய்திருந்தது.

அறிக்கை மேசைக்குள்ளேயே உறங்கட்டும் என்றார் மேலாளர். ஆனால் நோயாளிகள் தேறித் திரும்பிய மதியம், சமையற்காரர் பழக்கார அம்மாளை உணவகத்துக்குள் அழைத்துவந்து, அனைவர் முன்னும் நின்றார்.

"இவங்க மேல தப்பே இல்ல. நான் மூடின அண்டாதான் உங்களைப் படுக்க வச்சுது. மன்னிச்சிடுங்க."

"அப்போ சோப்பு தோத்துடுச்சாண்ணே?" என்றார் ஒரு முதிய தொழிலாளி.

"சோப்பு தோக்கல. ஆறவைக்க எனக்குத்தான் தெரியல. இனிமே அகலத் தட்டுல ஊத்தி, சீக்கிரம் ஆறவச்சு, குளிர்பெட்டிக்குள்ள வச்சிடுவேன். மறுபடி கொதிக்காம ஒரு கரண்டியும் வெளிய வராது."

வீரம் என்பது வாளேந்துவது மட்டுமா? தன் பெயரைத் தானே தராசில் வைத்த அந்த மனிதரை அறுபத்திரண்டு பேரும் பார்த்தார்கள்.

கேலி பேசியவரே முதலில் எழுந்தார். குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி வந்து, தட்டை நீட்டினார்.